மனைக்கு எந்த உலோக வேலி நீடித்து நிற்கும்? இரும்பு, கம்பிவலை, அலுமினியம், எவர்சில்வர் குறித்து ஆலோசனை தேவை

கேள்வி: வேலியோரம்

அனைவருக்கும் வணக்கம். வீடு கட்டி முடித்த மனையைச் சுற்றி வேலி அடைக்க வேண்டியிருக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 140 மீட்டர். மதிற்சுவர் எழுப்பும் எண்ணம் இல்லை. காற்றும் வெளிச்சமும் தடைபடாமல், எங்கள் நாய் வெளியே போகாமலும் வெளிமாடுகள் உள்ளே வராமலும் இருந்தால் போதும். முன்பக்கம் சாலையைப் பார்த்திருப்பதால் அந்தப் பகுதி மட்டும் பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று வீட்டில் விரும்புகிறார்கள். பின்பக்கம் தாழ்வான நிலம்; மழைக்காலத்தில் தண்ணீர் கட்டி நிற்கும். கடல் சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மாலை வேளையில் கடற்காற்று நேரே அடிக்கும்.

விசாரித்த இடங்களில் ஆளுக்கொரு பொருளைச் சொல்கிறார்கள். எம்.எஸ். எனப்படும் மைல்டு ஸ்டீல் (சாதாரண இரும்பு) சதுரக் குழாயில் சட்டம் செய்து பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். பச்சை நிறப் பிளாஸ்டிக் உறை போட்ட டயமண்ட் கம்பிவலையே போதும் என்கிறார் மற்றொருவர். பவுடர் கோட்டிங் செய்த வெல்டு மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டிங் செய்த வலை) பலகங்கள், அலுமினியப் பலகங்கள், எவர்சில்வர் குழாய்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொருவரும் தம்முடைய பொருள் துருப்பிடிக்காது என்று உறுதி கூறுகிறார்கள். எதனால் துருப்பிடிக்காது, எத்தனை ஆண்டுகளுக்குத் துருப்பிடிக்காது என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை.

குறைந்தது இருபது ஆண்டுகள், அதிகப் பராமரிப்பு இல்லாமல் நிற்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. நான்கு பக்கமும் ஒரே பொருளைப் போட வேண்டுமா, பக்கத்துக்கு ஒன்றாகப் போடலாமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பட்டறைவாசி

வணக்கம். இரும்பு வேலைப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் எம்.எஸ். பற்றி மட்டும் சொல்கிறேன். வளைத்தும் முறுக்கியும் பூவேலைப்பாடு செய்தும் விற்கப்படும் அலங்கார வேலிகள் அனைத்தும் இன்று மைல்டு ஸ்டீலில் செய்யப்படுபவைதாம். பழைய மாளிகைகளில் காணப்படும் தேனிரும்பு (ராட் அயர்ன்) இப்போது வணிக அளவில் உற்பத்தியாவதில்லை. ஆகவே பழைய வேலிகள் நூறாண்டு நின்றதைச் சொல்லி இன்றைய குழாயை யாராவது விற்றால், இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எம்.எஸ். நல்ல பொருள்தான். வேண்டிய வடிவில் செய்யலாம், உடைந்தால் எந்தப் பட்டறையிலும் ஒட்டலாம், கனமான தாக்குதலைத் தாங்கும். ஆனால் அதன் ஆயுள் செய்முறையில் இருக்கிறது. குழாயின் சுவர் 1.2 மில்லிமீட்டர் இருந்தால் துரு வெளியே தெரியும் முன்பே உள்ளிருந்து தின்றுவிடும். வேலித் தூண்களுக்கு 2.5 அல்லது 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். குழாயின் மேல்வாயை மூடாமல் விட்டால் மழைநீர் இறங்கி அடியில் தங்கும். இரண்டு தட்டைப் பட்டைகளை முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் மட்டும் அங்கங்கே வெல்டிங் செய்தால், நடுவில் உள்ள இடுக்கில் எந்தப் பெயின்டும் புகாது, தண்ணீர் மட்டும் புகும். துரு வெளிப்படும்போது பழுப்புக் கோடாக வடிவது இந்த இடுக்குகளிலிருந்துதான். வெல்டிங்கின் கசடைத் தட்டி, கிரைண்டர் பிடித்து, கூர்விளிம்புகளை மழுக்கிய பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். கூர்விளிம்பில் பெயின்ட் தங்காமல் விலகி மெலிந்துவிடும்.

ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, எனாமல் ஒரு பூச்சு என்பது கடற்காற்று அடிக்கும் இடத்துக்குப் போதாது. அங்கே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டி மறுபூச்சு கொடுக்க வேண்டிவரும். அதற்கு நீங்கள் ஆயத்தமாக இல்லையென்றால், வேலைப்பாடு முடிந்த பலகங்களைக் கால்வனைஸ் செய்ய, அதாவது துத்தநாகப் பூச்சு ஏற்ற, அனுப்பச் சொல்லுங்கள்.

மறுமொழி: துருநோக்கர்

அரிமானத் தடுப்புத் துறையில் பணியாற்றுகிறேன். உங்கள் கேள்வியில் ஐந்தாறு பொருள்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் என்ன பூச்சு, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வெட்டி ஒட்டுவதற்கு முன்பு ஏற்றியதா பின்பு ஏற்றியதா என்ற விவரம் எதற்கும் இல்லை. இரும்பு வகை வேலிகளைப் பொறுத்தவரை ஆயுளை முடிவுசெய்வது இந்த விவரங்கள்தாம். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவையும் இவையே.

துத்தநாகம் இரும்பை இரு வழிகளில் காக்கிறது. காற்றும் ஈரமும் படாமல் மூடிக்கொள்வது ஒன்று. மூடல் எங்காவது கீறப்பட்டால், அந்த இடத்தில் இரும்புக்கு முன்பாகத் தான் கரைந்து இரும்பைக் காப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது குணம் பெயின்டுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் கிடையாது. அதனால்தான் நன்றாகக் கால்வனைஸ் செய்த கம்பியின் வெட்டுமுனை பல ஆண்டுகள் சாம்பல் நிறமாகவே இருக்கிறது. பெயின்ட் மட்டும் அடித்த கம்பியிலோ ஒரு சிறு கீறலிலிருந்து துரு இருபுறமும் பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து செல்கிறது.

ஆனால் துத்தநாகம் நாளும் கரைந்துகொண்டே இருக்கும் பொருள். ஆகவே எவ்வளவு தடிமன் இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்ற இரண்டும் தெரிந்தால் ஆயுளைக் கணக்கிடலாம். கரையும் வேகத்தை ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை வகைப்படுத்தியிருக்கிறது. நடுத்தரமான சூழல் எனப்படும் சி3 வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். உப்புக்காற்று ஓரளவு படும் சி4 வகையில் 2.1 முதல் 4.2 வரை, கடுமையான சி5 வகையில் 4.2 முதல் 8.4 வரை. இவை முதலாண்டு அளவுகள். போகப்போகச் சற்றுக் குறையலாம் என்றாலும் திட்டமிடுவதற்கு இவற்றையே வைத்துக்கொள்வது நல்லது.

இனி தடிமன். 1837இல் பிரெஞ்சுக்காரரான சொரெல் காப்புரிமை பெற்ற சூடான குளியல் முறையில், இரும்பை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் முழுமையாக அமிழ்த்துகிறார்கள். இரும்பும் துத்தநாகமும் கலந்த உலோகக்கலவை அடுக்குகள் இடையில் உருவாவதால் பூச்சு உரிந்து வருவதில்லை. ஐ.எஸ்.ஓ. 1461 தரநிலைப்படி, 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள இரும்பில் சராசரியாக 55 மைக்ரானும், 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையில் 70 மைக்ரானும், 6 மில்லிமீட்டருக்கு மேல் 85 மைக்ரானும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். அதாவது, வேலைப்பாடு முடிந்தபின் அமிழ்த்திய 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான குழாய், சி4 சூழலில் 13 முதல் 26 ஆண்டுகள் துத்தநாகத்தை முற்றிலும் இழக்காமல் நிற்கும். சி3 சூழலில் அதைவிட மிக நீண்ட காலம் நிற்கும்.

இதற்கு மாறாக, கடைகளில் ஜி.ஐ. (கால்வனைஸ் செய்த இரும்பு) குழாய் என்று கிடைப்பதில் பெரும்பகுதி, முன்பே பூச்சேற்றிய தகட்டைச் சுருட்டி ஒட்டியது. இசட்275 என்று குறிக்கப்பட்ட தகட்டில் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் இருக்கும் என்றாலும், அது இரு முகங்களுக்கும் சேர்த்த கணக்கு. ஒரு முகத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரான்தான் வரும். சி4 சூழலில் அது ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். அதையும் வெட்டி வெல்டிங் செய்யும்போது ஒட்டுமிடத்தில் உள்ள பூச்சு எரிந்துபோகிறது. அதன்மேல் வெள்ளி நிறப் பெயின்ட் தடவி மறைத்துவிடுவது வழக்கம். வேலியின் மற்ற பகுதி பளிச்சென்று இருக்க, ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றினால் காரணம் இதுவே. மின்முலாம் முறையில் ஏற்றிய பூச்சு இன்னும் மெல்லியது; அதை வெளிப்புற வேலிக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

கம்பிக்கான கணக்கு வேறு. கம்பியில் சதுர மீட்டருக்கு இவ்வளவு கிராம் என்பது கம்பியின் மேற்பரப்பை மட்டுமே குறிக்கும். ஆகவே தடித்த பூச்சு வகையைச் சேர்ந்த, சதுர மீட்டருக்கு 250 கிராம் ஏற்றிய கம்பியில் சுமார் 35 மைக்ரான் இருக்கும். தகட்டின் 275ஐயும் கம்பியின் 250ஐயும் அருகருகே வைத்துத் தகடு மேல் என்று முடிவு செய்துவிடக் கூடாது. 95 விழுக்காடு துத்தநாகமும் 5 விழுக்காடு அலுமினியமும் கலந்த பூச்சுள்ள கம்பி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதே தடிமனில் அது வெறும் துத்தநாகத்தைவிடக் கூடுதல் காலம் தாங்கும்.

கடலுப்பு கரையிலிருந்து உள்ளே வர வர விரைவாகக் குறைந்துவிடும். 2 கிலோமீட்டர் தொலைவில், காற்று தடையின்றி அடிக்கும் இடம் என்பதால் சி4 என்று வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பானது என்று கருதுகிறேன். அதைவிட நம்பகமான சான்று உங்கள் தெருவிலேயே இருக்கும். அக்கம்பக்கத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நிறுவிய கம்பிவேலி, மின்கம்பத்தின் போல்ட்டுகள், தண்ணீர்த் தொட்டியின் தாங்கிகள் ஆகியவற்றை அருகில் சென்று பாருங்கள். கடலைப் பார்த்த முகத்துக்கும் மறுமுகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். மழை படாத அடிப்பக்கம் அதிகமாகக் கெட்டிருந்தால், படியும் உப்பைக் கழுவ மழை போதவில்லை என்று பொருள்.

முன்பக்கத்துக்கு நிறம் வேண்டுமென்றால், கால்வனைஸ் செய்ததன்மேல் பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ கொடுக்கலாம். இரண்டும் சேரும்போது கிடைக்கும் ஆயுள் தனித்தனி ஆயுள்களின் கூட்டுத்தொகையைவிடவும் அதிகம் என்பது நன்கு அறியப்பட்டது. ஏனெனில் பெயின்ட் துத்தநாகத்தைக் காக்கிறது, துத்தநாகம் பெயின்டுக்கு அடியில் துரு ஊர்வதைத் தடுக்கிறது. ஆனால் சாதாரண எனாமலைப் புதிய துத்தநாகத்தின்மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. அந்தப் பெயின்டின் எண்ணெய்ப் பகுதி துத்தநாகத்தோடு சேர்ந்து சவர்க்காரமாக மாறிவிடுவதால் ஓரிரு ஆண்டுகளில் தாள் உரிவதுபோல் உரியும். மேற்பரப்பை இலேசாகச் சொரசொரப்பாக்கி, துத்தநாகத்துக்கென்றே உள்ள பிரைமரோ எப்பாக்சி பிரைமரோ இட்ட பிறகே மேற்பூச்சு தர வேண்டும்.

வேலியோரம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒட்டுமிடங்களில் பழுப்புப் புள்ளி என்று சொன்னதைப் படித்ததும் எதிர்த்தெரு வேலியைப் போய்ப் பார்த்தேன். குறுக்குக் கம்பி சேரும் ஒவ்வோரிடத்திலும் அதே புள்ளி இருக்கிறது. இப்போது இரண்டு ஐயங்கள். அலுமினியமும் எவர்சில்வரும் இந்தத் துத்தநாகக் கணக்குக்கே அப்பாற்பட்டவை என்பதால், முன்பக்கத்துக்கு அவற்றைப் போடுவது எளிதான தீர்வாகுமா? மற்ற மூன்று பக்கங்களுக்குக் கம்பிவலை என்றால், பின்பக்கம் தண்ணீர் நிற்கும் இடத்தில் என்ன செய்வது?

மறுமொழி: கரையோரம்

உங்களைவிடக் கடலுக்கு நெருக்கமாக வசிக்கிறேன். வீட்டு முன்வேலி அலுமினியம். முதல் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

எவர்சில்வர் குறித்த எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடலுப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். 304 வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. சமையலறைக்கு அது தாராளம், கடற்காற்றுக்குப் போதாது. தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற பழுப்புக் கறை சில மாதங்களிலேயே படரும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வகை தாங்கும். அதிலும் மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், வெல்டிங் செய்த இடத்தின் நீலமும் பழுப்புமான வெப்பக்கறையை அமிலப்பசை கொண்டு நீக்க வேண்டும், அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 என்று சொல்வதை ஏற்காதீர்கள். நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. அது 304ஐவிட எளிதில் கறைபடும். ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அலுமினியத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது கெட்டாலும் சிவப்பாக வடியாது, சட்டென்று வலுவிழக்காது என்பதுதான். எடை இரும்பின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்; இருவர் சேர்ந்தால் ஒரு பலகத்தை எளிதாகத் தூக்கி மாட்டிவிடலாம். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவுக் குழாயை இரும்புக்குப் பதில் அலுமினியத்தில் போட்டால் மூன்று மடங்கு வளையும். ஆகையால் தூண் அகலமாகவும் சுவர் தடித்தும் இருக்க வேண்டும், தூண்களின் இடைவெளியும் குறைய வேண்டும். மாடு வந்து உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் வேலி என்றால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. சாலையோரம் மாடுகள் நிற்கும் வழக்கம் இருந்தால் முன்பக்கத்துக்கும் இரும்பே மேல் என்று சொல்வேன்.

இன்னும் இரண்டு செய்திகள். ஈரச் சிமென்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். தூணை நேரடியாகக் கான்கிரீட்டில் நடுவதானால் புதையும் பகுதிக்குத் தார்ப்பூச்சு கொடுக்க வேண்டும். அடித்தகடு வைத்துப் போல்ட் மாட்டுவதானால் இடையில் ரப்பர் விரிப்பு வைக்க வேண்டும். நிறம் போட்ட அலுமினியத்தை வேலை நடக்கும் இடத்தில் வெட்டினால், அந்த வெட்டுவிளிம்பிலிருந்து பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல மெல்லிய இழைகளாக அரிமானம் புறப்படும். எங்கள் வேலியில், கேட் அருகே அளவுக்காக வெட்டிய ஒரே ஒரு குறுக்குச்சட்டத்தில் மட்டும் அந்த இழைகள் தெரிகின்றன. பட்டறையிலேயே அளவுக்கு வெட்டி, பிறகு பூச்சேற்றி வந்த மற்ற சட்டங்கள் புதிதாகவே இருக்கின்றன. ஆகவே அளவை முன்கூட்டியே சரியாகக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும் திருகுகளிலும் கவனம் தேவை. பெரிய அலுமினியப் பலகத்தில் சிறிய எவர்சில்வர் போல்ட் இருப்பது பெரும்பாலும் தாங்கும். ஆனாலும் உப்புக்காற்றில் நைலான் வாஷர் வைத்துப் பிரித்துவிடுவது நல்லது. எவர்சில்வர் பலகத்தைத் துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டால் மாட்டினால், சிறிய போல்ட் பெரிய பலகத்துக்காகத் தன்னை இழந்து விரைவில் தீர்ந்துபோகும். அதைச் செய்யவே கூடாது.

மறுமொழி: கல்தூண்

கம்பிவேலி அமைக்கும் பணியில் நீண்ட காலமாக இருக்கிறேன். பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் டயமண்ட் கம்பிவலை போதும். அதில் ஏமாறும் இடங்கள் மூன்று நான்கு இருக்கின்றன.

கம்பியின் கனத்தைக் கேஜ் எண்ணில் கேட்காதீர்கள், மில்லிமீட்டரில் கேளுங்கள். பிரிட்டிஷ் முறையில் 12 கேஜ் என்பது 2.64 மில்லிமீட்டர், ஏ.டபிள்யூ.ஜி. எனப்படும் அமெரிக்க முறையில் அதே 12 என்பது 2.05 மில்லிமீட்டர்தான். எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதையும் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். பச்சை உறை போட்ட கம்பியில், மேலே அளந்தால் 3 மில்லிமீட்டர் காட்டும், உறையை உரித்தால் உள்ளே 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். 2 மில்லிமீட்டர்க் கம்பியின் குறுக்குப் பரப்பு 3 மில்லிமீட்டரில் பாதிகூடக் கிடையாது. ஆகவே ஒரு சாண் துண்டு வாங்கி, பிளேடால் உறையைக் கீறி, உள்கம்பியை வெர்னியர் எனப்படும் நுண் அளவுகோலில் அளந்து பாருங்கள்; உள்ளே கால்வனைஸ் செய்த கம்பியா, கறுப்புக் கம்பியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கறுப்புக் கம்பியின்மேல் உறை போட்டது எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். வெயிலில் உறை வெடித்ததும் ஈரம் உள்ளே புகுந்து, வெளியே தெரியாமலேயே கம்பி இற்றுப்போகும்.

நாய் இருப்பதால் வலைக்கண்ணின் அளவு 50 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வெல்டு மெஷ் பலகம் எடுப்பதானால், ஒட்டிய பிறகு கால்வனைஸ் செய்ததா என்று கேளுங்கள். முன்பு துருநோக்கர் சொன்ன அதே காரணம்தான். முள்கம்பியை வளர்ப்புப் பிராணி உள்ள இடத்தில் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1874இல் கிளிடன் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அது பரந்த மேய்ச்சல் நிலத்துக்கான பொருள். வீட்டைச் சுற்றி அதற்கு வேலை இல்லை.

வலையைவிட முக்கியம் தூண். வேலி சாய்வது வலை கெட்டதால் அல்ல, மூலைத்தூண் இழுவிசைக்கு அசைந்துகொடுப்பதால். மூலைகளிலும் கேட் இருபுறமும் கனமான தூண் நட்டு, வலை இழுக்கும் திசையில் முட்டுக்கால் கொடுங்கள். இடைத்தூண்களின் இடைவெளி 3 மீட்டருக்குள் இருக்கட்டும். தூணின் மொத்த நீளத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மண்ணுக்குள் போக வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று இழுகம்பிகள் ஓட்டி, டர்ன்பக்கிள் (கம்பியை இழுத்து இறுக்கும் திருகு) வைத்து முறுக்குங்கள்.

இரும்புத் தூண் முதலில் கெடுவது தரைமட்டத்தில். மேலே காற்றில் காய்ந்துவிடும், கீழே கான்கிரீட்டுக்குள் ஆக்சிஜன் குறைவு. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த நான்கு விரல் உயரத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தே நிற்கும். அதனால் கான்கிரீட்டைத் தரையோடு நிறுத்தாமல் 50 மில்லிமீட்டர் மேலே எழுப்பி, தூணிலிருந்து நாற்புறமும் சரிவாக மழுக்கிவிட வேண்டும். கான்கிரீட் ஆறும்போது தூணைச் சுற்றிக் குழிவாக விட்டுவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் அது கிண்ணமாக நீர் தேக்கும். எரு, உரம், சாம்பல் ஆகியவற்றைத் தூணடியில் கொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் தண்ணீர் நிற்கும் வரிசைக்கு இரும்புத் தூணே வேண்டாம் என்பேன். வார்ப்புக் கான்கிரீட் தூண்களை நட்டு, தண்ணீர் ஏறும் உயரம் வரை தாழ்வான கான்கிரீட் விளிம்பு கட்டி, அதற்கு மேல் வலையை நிறுத்துங்கள். விளிம்பில் ஆங்காங்கே நீர் வடியும் துவாரம் விட வேண்டும். வலையைச் சேற்றுக்குள் புதைத்தால் நாய் தோண்டாது என்பது உண்மைதான். ஆனால் புதைந்த கம்பி மற்ற கம்பிகளுக்கு வெகுமுன்பே அற்றுவிடும். விளிம்பு கட்டிவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும். தகட்டு வேலி போடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கடற்காற்று முழுவதையும் அது நெஞ்சில் வாங்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

வேலியோரம்

பக்கத்துக்கு ஒன்றாகப் போடலாமா என்ற என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முன்பக்கச் சாலையில் மாடுகள் நிற்பதுண்டு என்பதால் அலுமினியத்தை விட்டுவிட்டு, சுவர் தடித்த இரும்புக் குழாயில் எளிய நேர்க்கம்பி வடிவில் பலகங்கள் செய்து, முடித்தபின் கால்வனைஸ் செய்து, அதன்மேல் நிறம் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் கல்தூண் அவர்கள் சொன்ன முறை. பலகங்களைக் கால்வனைஸ் செய்ய அனுப்பும் முன் பட்டறையில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி: பட்டறைவாசி

உண்டு, அது உயிர் சம்பந்தப்பட்டது. மூடிய குழாயை உருகிய துத்தநாகத்தில் அமிழ்த்தினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் நொடியில் விரிந்து குழாய் வெடிக்கும். துத்தநாகத் தொட்டியருகே நிற்பவர்கள்மேல் உலோகம் தெறிக்கும். ஒவ்வொரு குழாயின் இரு முனைகளிலும், எதிரெதிர் மூலைகளில், காற்று வெளியேறவும் துத்தநாகம் உள்ளே போய்த் திரும்பி வடியவும் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தத் துளைகளால் குழாயின் உட்புறமும் பூச்சு பெறும். எந்த அளவுத் துளை, எந்த இடத்தில் என்பதைக் குளியல் நடத்தும் ஆலையிடம் வரைபடம் காட்டிக் கேட்டுக்கொள்வதே முறை. பலகத்தின் நீளத்தையும் உயரத்தையும் தீர்மானிக்கும் முன் ஆலைத் தொட்டியின் அளவையும் கேளுங்கள். தொட்டியைவிடப் பெரிதாகச் செய்துவிட்டால் இரண்டு முறை புரட்டி அமிழ்த்த வேண்டிவரும், மெல்லிய கம்பிகள் வெப்பத்தில் நெளியும். கேட் கீல்களுக்கும் தாழ்ப்பாளுக்கும் போதிய இடைவெளி விட்டு வையுங்கள், ஏனெனில் பூச்சு ஏறியபின் இறுக்கமான துளைகள் அடைபடும்.

போல்ட் துளை, பெயர்ப்பலகைக்கான தாங்கி, அழைப்புமணிக் கம்பி செல்லும் வழி எல்லாவற்றையும் அனுப்பும் முன்பே முடித்துவிடுங்கள். கால்வனைஸ் செய்ததில் பிறகு வெல்டிங் வைப்பது பூச்சைக் கெடுப்பதோடு, எழும் துத்தநாகப் புகை வேலை செய்பவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சலை வரவழைக்கும். பலகங்கள் திரும்பி வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்தில் அடுக்காமல், இடையில் கட்டை வைத்துச் சரிவாக நிறுத்துங்கள். அடுக்கினால் வெள்ளைப் பொடி பூக்கும்.

மறுமொழி: துருநோக்கர்

பலகங்கள் வந்து இறங்கும்போது மைக்ரான் அளக்கும் காந்தக் கருவி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, நிறம் ஏற்றுவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே அளந்து பாருங்கள். ஒரே இடத்தில் அளக்காமல் ஒவ்வொரு பலகத்திலும் தூண், குறுக்குச்சட்டம், ஒட்டுமிடம் என்று பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். சாம்பல் நிறம் மங்கலாக இருக்கிறதா, பளபளப்பாக இருக்கிறதா என்பது பெரும்பாலும் எஃகில் உள்ள சிலிக்கனைப் பொறுத்தது. அதை வைத்துத் தரத்தை மதிப்பிட வேண்டாம். பூச்சு படாத இடங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் 10 சதுர சென்டிமீட்டருக்கு மிகாமலும் மொத்தமாகப் பரப்பில் 0.5 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருந்தால் மட்டுமே துத்தநாகம் மிகுந்த பெயின்டால் சரிசெய்ய ஐ.எஸ்.ஓ. 1461 இடம் தருகிறது. அதற்கு மேல் இருந்தால் பலகத்தைத் திருப்பி அனுப்பி மறுபடியும் அமிழ்த்தித் தரச் சொல்லுங்கள். இந்த இரண்டு நிபந்தனைகளையும், 55 அல்லது 70 மைக்ரான் என்ற அளவையும், வேலையை ஒப்படைக்கும் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.